சுவரில் ஒரு மண் கோடு

சகோதரிகளே, உங்கள் வீட்டுச் சுவர் அலமாரியின் அடித்தட்டைக் கடைசியாக எப்போது முழுவதும் காலி செய்து பார்த்தீர்கள்? பொங்கலுக்குத் தூசி தட்டினேன் என்று சொல்லி நழுவிவிடாதீர்கள். நானும் தட்டியவள்தான். தட்டியது மேல் தட்டோடு நின்று போயிற்று.

அடித்தட்டில் இருந்தவை என் மாமியாரின் பொக்கிஷம். பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளை வாரா வாரம் கிழித்து, படங்களோடு பைண்டு செய்து வைத்திருந்தார். நகையைக் கேட்டால்கூடக் கழற்றிக் கொடுத்துவிடுவார். அந்தப் புத்தகங்களை இரவல் கொடுக்க மாட்டார். சென்ற ஐப்பசியில் அவற்றில் ஒன்றை எடுத்தேன். அட்டை கையோடு வந்தது. உள்ளே கதை இல்லை. ஈர மண்தான் இருந்தது. செல்!

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்பே கொல்லைக் கதவு நிலையின் ஓரத்தில் பென்சில் கனத்துக்கு ஒரு மண் கோடு ஏறியிருந்தது. துடைப்பத்தால் தட்டிவிட்டு, கொஞ்சம் மண்ணெண்ணெயைத் தடவி, "போயிற்று" என்று கையைக் கழுவினேன். எங்கே போகும்? நாம் பார்ப்பது தீனி தேடி வந்த வேலைக்காரப் பூச்சிகளை மட்டுந்தான். ராணியும் பரிவாரமும் மண்ணுக்குள் சுகமாக இருக்கின்றன. வெளிக்காற்றுப் பட்டால் கரையானின் மெல்லிய உடல் காய்ந்துவிடும். அதனால்தான் அது மண்ணையும் எச்சிலையும் குழைத்துக் குழாய் கட்டிக்கொண்டு வருகிறது. ஒரு குழாயை அழித்தால் இன்னொன்று. மழைக்குப் பின் விளக்கைச் சுற்றும் ஈசலும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். புதுக்குடித்தனம் போடப் புறப்பட்டது. ஈசல் இறக்கைகள் உங்கள் வீட்டுக்குள்ளேயே குவியல் குவியலாகக் கிடந்தால் கொஞ்சம் கவலைப்படுங்கள்.

நிலையைத் திருப்புளியால் தட்டினோம். காலி டப்பாவைப் போலச் சத்தம் வந்தது. தச்சர் புது நிலை வைக்கப் பதினாலாயிரம் ரூபாய் கேட்டார். இனி மருந்து அடிக்கும் கதைக்கு வருகிறேன்.

எங்கள் வீடு 900 சதுர அடி, தரைத் தளம். மூன்று பேரிடம் விலை கேட்டோம். முதல் ஆசாமி வீட்டைப் பார்க்கவே இல்லை. டெலிபோனிலேயே, "சதுர அடிக்கு நாலு ரூபாய்மா, மொத்தம் மூவாயிரத்து அறுநூறு. ஒரு மணி நேரத்திலே முடிச்சிடுவோம்" என்றார். இரண்டாமவர் நேரில் வந்தார். ஒன்பது ரூபாய், ஆக 8,100. மூன்றாமவர் பன்னிரண்டு ரூபாய், ஆக 10,800. கடைசி இருவரும் நூற்றுக்குப் பதினெட்டு ஜி.எஸ்.டி. தனி என்றார்கள். இதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியில் பில்லைப் பார்த்து மயங்கி விழ வேண்டாம்.

இவர் முதல் ஆளையே கூப்பிடலாம் என்றார். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. ஒரே வேலைக்கு மூன்று பங்கு வித்தியாசம் எப்படி வரும்? இரண்டாவதாக வந்த தம்பியை உட்கார வைத்து, காப்பி கொடுத்து, ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

கட்டி முடித்த வீடுகளில் கரையான் மருந்து எப்படிச் செலுத்த வேண்டும் என்பதற்கு நம் நாட்டில் ஒரு தரக் கட்டளையே இருக்கிறது. ஐ.எஸ். 6313, மூன்றாம் பாகம். சுவரும் தரையும் சேரும் ஓரத்தில் 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, 12 மில்லிமீட்டர் அகலத்தில் துளை போட வேண்டும். ஒவ்வொரு துளையிலும் மண் குடிக்கிற வரையில், அதிகபட்சம் ஒரு லிட்டர், மருந்துத் தண்ணீர் செலுத்தி மூட வேண்டும். மரத்தின் மேல் தெளிப்பது இதற்குப் பிறகுதான். எதிரி இருப்பது மண்ணில் அல்லவா?

இங்கேதான் நம்முடைய வீட்டுக் கணக்கு உதவுகிறது. அறை அறையாகச் சுவர் ஓரத்தை டேப்பால் அளந்தேன். 260 அடி வந்தது. அடிக்கு ஒரு துளை என்றால் சுமார் 260 துளைகள். மண் முழுவதும் குடித்தால் 260 லிட்டர். உடனே முதல் ஆசாமிக்குப் போன் செய்து, "எத்தனை லிட்டர் கலப்பீர்கள்?" என்று கேட்டேன். "ரெண்டு பக்கெட் போதும்மா, எங்க மருந்து ரொம்ப ஸ்ட்ராங்" என்றார். இரண்டு பக்கெட் என்றால் முப்பது லிட்டர். துளைக்கு ஓர் ஆழாக்குகூட இல்லை! நாலு ரூபாயின் ரகசியம் இதுதான்.

மருந்தின் பெயரையும் எழுதி வாங்குங்கள். இமிடாக்ளோபிரிட் 30.5 சதவீதம் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி கலக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு அரை லிட்டருக்குச் சற்று அதிகம். பாட்டிலை நம் கண் எதிரில் சீல் உடைக்கச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அந்த ஆள் வேண்டாம். 1968-ம் வருஷத்துப் பூச்சிமருந்துச் சட்டப்படி இந்தத் தொழிலுக்கு லைசென்ஸ் வேண்டும். அதையும் கேட்கலாம்.

"அந்தக் காலத்தில் ஒரு தடவை அடித்தால் தலைமுறைக்கும் வராதே" என்பார் என் மாமியார். ஆல்ட்ரின், குளோர்டேன் என்ற அந்த மருந்துகள் மண்ணில் வருஷக் கணக்காக அழியாமல் இருந்தன. நம் உடம்பிலும் தங்கின. 2001-ல் ஸ்டாக்ஹோமில் ஏற்பட்ட சர்வதேச உடன்படிக்கையில் அவை ஒழிக்க வேண்டிய நஞ்சுகளின் பட்டியலில் சேர்ந்தன. இப்போதைய மருந்துகளுக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. அதுவும் நல்லதுதான்.

மூன்றாமவரின் அதிக விலைக்குக் காரணம் ஐந்து வருஷக் காரண்டி. கேட்கக் குளிர்ச்சியாக இருந்தது. காகிதத்தைப் படித்தேன். மறுபடி செல் வந்தால் மறுபடி மருந்து அடிப்பார்களாம். அரித்த கதவுக்கும் அலமாரிக்கும் பொறுப்பில்லையாம். வீட்டில் தண்ணீர்க் கசிவு இருந்தால் அந்தக் காரண்டியும் செல்லாது. எங்கள் குளியலறைக் குழாயோ சுவருக்குள் கசிந்து கொண்டிருந்தது. செல்லுக்கு வரவேற்பு வைத்ததே அந்த ஈரந்தான். பிளம்பர் 600 ரூபாயில் சரி செய்தார். அதை முதலில் செய்திருக்க வேண்டும்.

முடிவில் இரண்டாமவரையே அமர்த்தினோம், லிட்டர் கணக்கை எழுதிக் கொடுத்த பிறகு. வரியோடு 9,558 ரூபாய். இது எங்களிடம் சொன்ன விலை. உங்கள் ஊரில் கூடக் குறைய இருக்கும். கணக்குப் போடும் வழி மட்டும் மாறாது.

வேலை முழுப் பகலும் நடந்தது. தரை ஓரமெல்லாம் துளை, வீடெல்லாம் புழுதி. சுவருக்குள் ஒயரும் குழாயும் ஓடும் இடங்களை முன்பே காட்டிவிட்டேன். குழந்தைகளையும் மாமியாரையும் என் தங்கை வீட்டுக்கு அனுப்பினேன். கிணறோ போர் குழாயோ இருந்தால் மறக்காமல் முதலிலேயே சொல்லுங்கள். அதன் பக்கத்தில் மருந்து இறங்கக் கூடாது. மீன் தொட்டியை அப்புறப்படுத்திவிடுங்கள். துளைகளை அடைக்க வெள்ளை சிமென்டில் தரையின் நிறத்துக்குச் சாயம் கலக்கச் சொல்லுங்கள். நான் சொல்ல மறந்தேன். எங்கள் சிவப்புத் தரைக்கு இப்போது வெள்ளைப் பொட்டுச் சரம்!

ஆளைக் கூப்பிடுமுன் இரண்டு காரியம். மண் கோட்டில் ஓரங்குலம் மட்டும் உடைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் பாருங்கள். உடைத்த இடத்தைப் பூசிவிட்டால் செல் உயிரோடு இருக்கிறது. மீதியைக் கலைக்காதீர்கள்; வருகிறவர் வழியைப் பார்க்க வேண்டும். இன்னொன்று: மண்ணே இல்லாமல், சிறு துளைகளிலிருந்து மாவுபோலத் தூள் கொட்டினால் அது உளு. அதற்குத் தரையைத் துளைக்க வேண்டியதே இல்லை. அந்த மரத்துக்கு மட்டும் வைத்தியம் போதும். இந்த வித்தியாசம் தெரியாமல் பணம் கொடுத்தவர்கள் உண்டு.

அடுக்கு வீட்டுக்காரர்கள் அடித்தள வீட்டுக்காரியின் தலையில் மட்டும் செலவைக் கட்டாதீர்கள். செல் குழாய் மாடங்கள் வழியாக மேல் மாடிக்கும் ஏறும். வீடு கட்டப் போகிறவர்களோ, அஸ்திவாரத்திலேயே மருந்து போட்டுவிடுங்கள்; அப்போது துளையும் இல்லை, புழுதியும் இல்லை.

பதினொரு புத்தகங்களில் ஏழு பிழைத்தன. எட்டாவதில் கடைசி அத்தியாயங்கள் போய்விட்டன. அவற்றை மாமியாரே ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு குழந்தைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கதாநாயகி யாரைக் கல்யாணம் செய்துகொண்டாள் என்பதில் மட்டும் அவருக்கும் அவர் தங்கைக்கும் போனில் இன்னும் தகராறு நடக்கிறது.