அபினி நோயும் மந்திரக் கயிறும்

செய்யூரிலிருந்து மாமல்லபுரம் பக்கமாய்ப் பஸ் ஏறிப் போகின்றவர்கள், வழியிலுள்ள சுவர்களையும் கம்பங்களையும் சற்றுக் கவனித்தால் ஒரு சங்கதி விளங்கும். போதையை மறக்கடிக்கும் பொடி என்றும், அதை ஆசாமிக்குத் தெரியாமலே சோற்றில் கலந்து கொடுத்துவிடலாம் என்றும் ஒரு நோட்டீசு இருக்கும். இன்ன கோவிலில் இன்ன கிழமையில் கயிறு கட்டிக்கொண்டால் ஜென்மத்துக்கும் அதைத் தொடமாட்டான் என்பதாக அதற்குப் பக்கத்திலேயே ஒருவர் சொல்லிக்கொண்டிருப்பார். இந்த இரண்டு வியாபாரமும் வெகு காலமாய்க் குடிகாரர் வீட்டுப் பெண்களின் கண்ணீரை நம்பி நடந்தவை. இப்பொழுது ஹெராயின் என்றும், வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்வது என்றும் புது நோய் நம் வாலிபர்களைப் பிடித்திருக்கிறது. உடனே அதே கயிறும் அதே பொடியும் இதற்கும் மருந்தாகிவிட்டன. சரக்கு மாறவில்லை, நோட்டீசில் ஒரு வார்த்தை கூடியிருக்கின்றது, அவ்வளவுதான்.

இது ஏதோ நாலு பேருடைய கஷ்டம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2019இல் மத்திய சர்க்கார் வெளியிட்ட கணக்குப்படி அபினி இனத்துச் சரக்கை உபயோகிக்கின்றவர்கள் இந்தியாவில் சுமார் 2 கோடியே 26 லட்சம் பேர்.

கயிற்றின் மகிமை எங்கிருந்து வருகின்றது என்று பார்ப்போம். அபினியைப் போன்ற வஸ்துவைச் சரீரம் தானாகவே கொஞ்சம் உற்பத்தி செய்துகொள்ளுகின்றது. வெளியிலிருந்து தினமும் ஏராளமாய் வந்து சேர்ந்தால் மூளை அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் ஹெராயின்காரனுக்கு 8 மணி முதல் 12 மணி நேரத்தில் வேதனை ஆரம்பிக்கும். கொட்டாவி, கண்ணிலும் மூக்கிலும் நீர், மயிர்க்கூச்சம், எலும்பைக் குடையும் வலி, வாந்தி, பேதி, தூக்கமின்மை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். ஒரு வாரம் பத்து நாளில் இந்தச் சரீர வேதனையில் பெரும் பகுதி தானாகவே தணிந்துவிடும்.

கயிறு கட்டுகின்றவர் எத்தனை நாள் விரதம் சொல்லுகின்றார்? ஏழு நாள், பத்து நாள்! சரீரம் செய்த வேலைக்குச் சாமியார் கூலி வாங்கிக்கொள்ளுகின்றார். மறு மாதம் பையன் திரும்பவும் ஊசியைத் தொட்டால் அது கயிற்றின் குற்றமல்லவாம். நியமம் தவறியவன் குற்றமாம். மழை பெய்தால் வருண ஜெபத்தின் சக்தி, பெய்யாவிட்டால் ஜனங்களின் பாவம் என்கின்ற அதே கணக்குத்தான் இது.

நிற்க, பொடிக்கு வருவோம். வைட்டமின், மெக்னீசியம், இன்னும் பல பெயர்களில் டப்பாவில் அடைத்து விற்கின்றார்களே, அவற்றில் பெரும்பாலானவை இந்த வேதனையைத் தீர்க்கும் என்பதற்குத் தக்க ருசு கிடையாது. பணம் போவதோடு விட்டால் பாதகமில்லை. விடாதவையும் இருக்கின்றன. 'காமினி வித்ராவண ரசம்' என்று ஒரு குளிகை. ஆண்மை விருத்திக்கு என்று பழைய வைத்தியத்தின் பெயரால் விற்கப்படுவது. அதில் சேர்ந்திருப்பது சாட்சாத் அபினி! ஆஸ்திரேலியாவில் இதைத் தின்று அடிமையானவர்களுக்கு அங்குள்ள டாக்டர்கள் ஹெராயின்காரனுக்குச் செய்யும் சிகிச்சையையே செய்ய வேண்டியதாயிற்று. 'மூலிகை' என்கிற வார்த்தையைக் கேட்டதும் கைகூப்புகின்றவர்கள், கசகசாச் செடியும் ஒரு மூலிகைதான் என்பதை நினைக்க வேண்டாமா? பேதி மாத்திரையாகிய லோபரமைடையே கை நிறைய விழுங்கிச் சமாளிக்கலாம் என்று எண்ணுகின்றவர்களும் உண்டு. அளவு மீறினால் அது இருதயத் துடிப்பைக் குலைத்துக் கொல்லும் என்று 2016இல் அமெரிக்க மருந்து இலாகா எச்சரித்திருக்கின்றது.

இந்தப் பித்தலாட்டம் நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமல்ல. ஹெராயினையே 1898இல் ஜெர்மனியின் பேயர் கம்பெனி இருமல் மருந்தாக விற்றது. மார்பினைப்போல் அடிமைப்படுத்தாது என்று அப்பொழுது பெரிய மனிதர்களும் நம்பினார்கள். வெள்ளைக்காரன் சொன்னாலும் சோதித்துப் பார்க்காத பேச்சு பேச்சுத்தான்.

அப்படியானால் மருந்தே இல்லையா? தாராளமாய் இருக்கின்றது. பேதிக்கும் வாந்திக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல். நடுக்கத்துக்கும் வியர்வைக்கும் டாக்டர் பார்வையில் குளோனிடின். எல்லாவற்றிலும் முக்கியமானவை புப்ரினார்பின், மெத்தடோன் என்னும் இரண்டு. இவற்றை உலக சுகாதார ஸ்தாபனம் 2005இலேயே அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஊசி போட்டுக்கொள்ளுகின்றவர்களுக்கு எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தின் கீழ் சர்க்காரே இலவசமாய்க் கொடுத்தும் வருகின்றது. புப்ரினார்பினை நினைத்த வேளையில் போட்டுக்கொள்ளக்கூடாது. வேதனை ஆரம்பித்த பிறகே ஆரம்பிக்க வேண்டும்; முந்திக்கொண்டால் வேதனையை அதுவே இழுத்துவிடும். டாக்டர் வேண்டும் என்பது இதற்காகத்தான்.

"ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?" என்று ஒழுக்க உபதேசிகள் கேட்பார்கள். நீரிழிவுக்காரன் தினம் இன்சுலின் போட்டுக்கொண்டால் அவனை ஊசிப் பைத்தியம் என்று சொல்லுகின்றார்களா? இந்த மருந்தில் இருக்கும்வரை சாவு, இல்லாத காலத்தைவிடப் பாதிக்கும் கீழே குறைகின்றது என்று பல நாட்டுக் கணக்குகள் ஒன்றுபோலச் சொல்லுகின்றன. மன உறுதி மாத்திரம் போதும் என்கின்றவர்கள் தங்களுக்குப் பல்வலி வந்தபோது என்ன செய்தார்கள்?

தாய் தகப்பன்மார் முக்கியமாய்க் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பையனை அறையில் அடைத்தோ, ஏதாவது ஒரு இல்லத்தில் தள்ளியோ பத்து நாள் கழித்து "சரியாய்ப் போய்விட்டது" என்று மருந்தில்லாமல் அழைத்து வருகின்றீர்கள். அதற்குள் பழைய அளவைத் தாங்கும் சக்தி அவன் சரீரத்தை விட்டுப் போயிருக்கும். ஆசை மாத்திரம் போயிருக்காது. முன்பு போட்ட அதே அளவை ஒரு தடவை போட்டால் மூச்சு நின்றுவிடும். அநேகர் செத்தது போதையில் கிடந்த நாட்களில் அல்ல, "குணமாகி" வந்த முதல் வாரங்களில்தான்.

சங்கிலி வைத்தியத்தின் பலனையும் நாம் பார்த்திருக்கின்றோம். 2001 ஆகஸ்டு 6இல் ஏர்வாடியில் கட்டிவைக்கப்பட்ட மனநோயாளிகள் 28 பேர் ஓடமுடியாமல் தீயில் வெந்தார்கள். இப்பொழுது 2017ஆம் வருஷத்துச் சட்டம், போதையால் வந்த மனக்கேட்டையும் மனநோயில் சேர்த்து, எவரையும் சங்கிலியில் பூட்டக்கூடாது என்கின்றது. போலீசுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமலிருக்கவும் வேண்டாம். சிறு அளவு விஷயத்தில் தானாகவே சிகிச்சைக்கு வருகின்ற அடிமைக்கு 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு விலக்குத் தருகின்றது.

செங்கல்பட்டுக்காரர்களுக்கு இது புதிய பாடமா? பக்கத்துத் திருமணியில் குஷ்டரோக ஆஸ்பத்திரி இருக்கின்றது. பூர்வஜென்ம பாவம் என்று ஊருக்கு வெளியே துரத்தப்பட்ட அந்த நோய், மாத்திரைக்குக் கட்டுப்பட்டதா, பரிகாரத்துக்குக் கட்டுப்பட்டதா?

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநோய் டாக்டர்கள் இருக்கின்றார்கள். 14446 என்கிற இலவச டெலிபோனில் கேட்டால் சிகிச்சை இடங்களைச் சொல்லுவார்கள். பொடிக்காரன் இனி உங்கள் தெருவுக்கு வந்தால், அதில் என்ன சேர்ந்திருக்கின்றது, எவ்வளவு சேர்ந்திருக்கின்றது என்று ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச்சொல்லுங்கள்.