வாஸ்துக்காரன் கையிலா நம் வீட்டு வரைபடம்?

போன மாதம் வேப்பந்தட்டை பக்கத்துத் தோழர் ஒருவர் தன் வீட்டு வரைபடத்தை வாட்ஸ்அப்பில் எங்களுக்கு அனுப்பினார். தாத்தா கூரை வீட்டிலேயே வாழ்ந்து செத்தார். அப்பா அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீட்டில், கம்பி துருப்பிடித்துக் காரை உதிர உதிர, முப்பது வருடம் காலம் தள்ளினார். இப்போதுதான் அந்தக் குடும்பம் தன் சொந்தக் காசில், தன் விருப்பப்படி ஒரு வீடு கட்டப்போகிறது. மகிழ்ச்சியோடுதான் படத்தைத் திறந்தோம்.

வடகிழக்கில் பூஜை அறை. தென்கிழக்கில் சமையல். தென்மேற்கில் 'மாஸ்டர் பெட்ரூம்'. கல்லூரியில் படிக்கிற தங்கைக்கு ஓர் அறை இல்லை, ஒரு மேசை போடுகிற மூலைகூட இல்லை. 'தெற்கு ஆகாது' என்று சொல்லித் தெற்குச் சுவரில் இருந்த ஒரே சன்னலையும் அடைத்துவிட்டார்கள். தென்றல் வரும் பக்கம் அது! ஏன் தோழர் என்று கேட்டோம். "வாஸ்து பார்த்து வரைஞ்சது தோழர். அம்மா அப்படித்தான் வேணும்னாங்க. இன்ஜினியரும் அதான் நல்லதுன்னார்" என்றார்.

தோழரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் நம் பிள்ளைகள் வேலைக்குப் போய், கடன் வாங்கி, நகை அடகு வைத்து வீடு கட்டுகிற காலம் இது. ஒரு வரைபடம் போட்டால் அடுத்த ஐம்பது வருடத்துக்கு அந்தக் குடும்பம் அதற்குள்தான் தூங்கும், சமைக்கும், படிக்கும். அந்தக் கோடுகளை யார் போடுவது என்பது அரசியல் கேள்வி.

முதலில் வாஸ்துவைப் பார்ப்போம். அந்தச் சாத்திரத்தில் நமக்கு எந்த மூலை ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று எந்த வாஸ்து நிபுணரிடமாவது கேட்டிருக்கிறோமா? மயமதம் போன்ற நூல்கள் மனையையே வருணம் பார்த்துத்தான் பிரிக்கின்றன. வெள்ளை மண் பார்ப்பனருக்கு, சிவப்பு மண் சத்திரியருக்கு, மஞ்சள் மண் வைசியருக்கு, கறுப்பு மண் சூத்திரருக்கு. நான்கோடு நிறம் தீர்ந்துவிட்டது. நமக்கு? மனுவின் பத்தாம் அத்தியாயம் சொல்கிறது: சண்டாளர் குடியிருப்பு ஊருக்கு வெளியே. கௌடில்யரின் அர்த்தசாத்திரம் இன்னும் துல்லியமாக இடம் குறிக்கிறது: சுடுகாட்டின் ஓரம். நம் சேரிகளில் பாதிக்கு மேல் இன்றும் எங்கே இருக்கின்றன என்று நடந்து போய்ப் பாருங்கள். நம்மை ஊரின் வரைபடத்திலேயே சேர்க்காத ஒரு சாத்திரத்துக்குப் பணம் கொடுத்து, நம் வீட்டுக்குள் எந்த மூலையில் அடுப்பு வைப்பது என்று கேட்கிறோம். இதைவிட அவமானம் வேறு உண்டா?

"இது தனிப்பட்ட நம்பிக்கை, இதில் எதற்கு அரசியல்?" என்று சிலர் கேட்பார்கள். அம்மாவின் சாமி படத்துக்கு ஒரு மாடம் வைப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. அது அவர் வீடு, அவர் மனசு. ஆனால் தங்கையின் படிப்பு மூலையை எடுத்துவிட்டு, காற்று வரும் சன்னலை அடைத்துவிட்டு வருகிற ஒன்றைத் தனிப்பட்ட நம்பிக்கை என்று சொல்ல முடியாது. அதற்கான விலையை வீட்டில் பேச உரிமையில்லாதவர்தான் கொடுக்கிறார்.

மண்ணைப் பற்றி உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. பெரம்பலூர் மாவட்டத்தில் பெரும் பரப்பு கரிசல். பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற அந்த மண் மழையில் ஊதும், கோடையில் வெடிக்கும். அதன்மேல் ஆழமில்லாமல் கடைக்கால் போட்டால், எந்த மூலையில் பூஜை அறை இருந்தாலும் சுவர் விரியும். வெடிப்பு விடுகிற மண்ணைத் தாண்டிக் கெட்டியான தரை வரை தோண்ட வேண்டும். கடைக்கால் குழியில் அந்தக் கரிசலையே மறுபடி தள்ளாமல் கிராவலோ மணலோ போட்டு இறுக்க வேண்டும். தரை மட்டத்தில் சுற்றிலும் கம்பி கட்டிக் கான்கிரீட் பெல்ட் போட வேண்டும். வாஸ்துக்காரருக்குக் கொடுக்கிற பணம் இந்தப் பெல்ட்டின் கம்பிக்கு ஆகும். கறுப்பு மண்ணில் இருக்கிற சிக்கல் அதன் வருணம் அல்ல, அது ஊதுவதுதான்.

அடுத்து, அரசு போடுகிற வரைபடம். இந்திரா குடியிருப்புத் திட்டம் 1985இல் தொடங்கியபோது பட்டியல் சாதியினர், பழங்குடியினர், விடுவிக்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்காகத்தான் தொடங்கியது. வீட்டின் அளவு 20 சதுர மீட்டர். 2010இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டத்தில் 200 சதுர அடி. 2011இல் பசுமை வீடு 300 சதுர அடி. 2016இல் வந்த பிரதமர் வீட்டுத் திட்டத்தில் குறைந்தபட்சம் 25 சதுர மீட்டர், அதாவது 269 சதுர அடி, சமையலுக்கான இடமும் சேர்த்து. 2024இல் அறிவித்த கலைஞர் கனவு இல்லத்தில் 360 சதுர அடி.

கணக்குப் போடுவோம். 269 சதுர அடியை வெளிச்சுவர் அளவாக வைத்தால் ஏறத்தாழ 15க்கு 18 அடி. சுற்றிலும் ஒன்பது அங்குலச் சுவர் போனால் உள்ளே பதின்மூன்றரைக்குப் பதினாறரை. சுமார் 222 சதுர அடி. ஆறு பேர் உள்ள குடும்பத்தில் ஆளுக்கு 37 சதுர அடி. ஒரு பாய் விரித்தால் 18 சதுர அடி போய்விடும். மீதியில்தான் அடுப்பு, பாத்திரம், பெட்டி, துணி, பிள்ளைகளின் புத்தகம், புதிதாகக் கல்யாணம் ஆன அண்ணனும் அண்ணியும், நோயில் கிடக்கிற பாட்டி எல்லோரும்.

25 சதுர மீட்டர் என்பது குறைந்தபட்ச அளவுதானே, பெரிதாகக் கட்டிக்கொள்ளலாமே என்று அதிகாரிகள் சொல்வார்கள். விதியில் அது குறைந்தபட்சம். கையில் கொடுக்கிற பணமோ அதையே அதிகபட்சம் ஆக்கிவிடுகிறது. இரண்டு பேர் குடும்பத்துக்கும் எட்டுப் பேர் குடும்பத்துக்கும் ஏன் ஒரே அளவு? குடும்ப எண்ணிக்கைக்கு ஏற்ற தொகை வேண்டும் என்று கேட்பது பேராசை அல்ல. நாற்பது ஆண்டுகளில் நமக்கான வீடு 215 சதுர அடியில் இருந்து 360க்கு வந்திருக்கிறது. இதையும் யாரும் கருணையால் தரவில்லை, கேட்டுக் கேட்டுத்தான் வந்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. அரியலூர் மண்ணைத் தோண்டினால் சுண்ணாம்புக்கல். அரசின் டான்செம் ஆலையும் தனியார் ஆலைகளும் நம் ஊர்களைச் சுற்றித்தான் நிற்கின்றன. நம் தெருவைப் புழுதியாக்கிக்கொண்டு ராப்பகலாக லாரிகள் போகின்றன. நாடெங்கும் மாடி கட்டுகிற சிமென்ட் இங்கிருந்து போகிறது. சுரங்கப் பள்ளத்துக்குப் பக்கத்துச் சேரியில் மட்டும் பூச்சு உதிர்ந்த தொகுப்பு வீடு. புழுதியைத் தின்கிற ஊருக்குச் சிமென்ட் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்று நாம் ஏன் இன்னும் உரக்கக் கேட்கவில்லை?

சரி, அப்படியானால் நம் வரைபடத்தில் என்ன இருக்க வேண்டும்?

முதலில் படிக்க ஓர் இடம். மும்பை பரேலில் ஒற்றை அறையில் ஒரு குடும்பமே வாழ்ந்தது. பையன் முன்னிரவிலேயே தூங்கிவிடுவான். நள்ளிரவு தாண்டி அப்பா அவனை எழுப்பிவிட்டு, அவன் படுத்த இடத்தில் தான் படுப்பார். வீடே தூங்குகிற அந்த நேரத்தில் விளக்கு வைத்து அவன் படிப்பான். அந்தப் பையன்தான் புரட்சியாளர் அம்பேத்கர். 1930களின் தொடக்கத்தில் தாதரில் தனக்கென்று ஒரு வீடு கட்டியபோது, எதை மனதில் வைத்துத் திட்டமிட்டார்? புத்தகங்களை. பல்லாயிரம் நூல்கள் வைக்கத்தான் அவருக்கு அவ்வளவு பெரிய வீடு தேவைப்பட்டது. பௌத்த வரலாற்று நகரத்தின் பெயரையே அதற்கு வைத்தார்: ராஜகிருகம்.

நம் அரியலூருக்கு வருவோம். செந்துறை பக்கத்துக் குழுமூரில் ஒரு சுமைதூக்கும் தொழிலாளியின் மகள் 1200க்கு 1176 வாங்கினார். நீட் அவரை 2017இல் கொன்றது. அந்தக் குழுமூரில் இன்று அனிதாவின் பெயரில் ஒரு நூலகம் நிற்கிறது. மகளை இழந்த குடும்பம் நூலகத்தை நினைத்திருக்கிறது. நம் வீட்டில் நாலடிக்கு மூன்றடி மேசை, ஒரு பிளக் பாயிண்ட், ஒரு சன்னல், ஒரு அலமாரி. இதற்கு ஏன் இடம் இல்லை?

இரண்டாவது கழிப்பறை. இதில் நாம் தவறினால் நம் கையாலேயே நம்மவரைக் குழிக்குள் இறக்குகிறோம். நாமும் வீடு கட்டும்போது பெரிதாக ஒரு செப்டிக் டேங்க் போட்டு மூடிவிடுகிறோம். நிரம்பினால் இறங்குவது யார்? மனிதரைக் கழிவுக் குழியில் இறக்கக் கூடாது என்று 2013இலேயே சட்டம் வந்துவிட்டது. அதற்கு அப்புறமும் செத்துக்கொண்டிருப்பவர்கள் யாருடைய பிள்ளைகள்? இடம் இருந்தால் இரட்டை உறிஞ்சு குழி போடுங்கள். ஒரு குழி நிரம்பியதும் மற்றதுக்குத் திருப்பிவிட வேண்டும். இரண்டு வருடம் மூடிக் கிடந்தால் முதல் குழியில் இருப்பது எருவாகிவிடும். மண்வெட்டியால் நாமே அள்ளித் தோட்டத்துக்குப் போடலாம். இரண்டு குழிக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி, கிணறோ கைப்பம்போ இருந்தால் பத்து மீட்டராவது தள்ளி. நிலத்தடி நீர் மேலே இருக்கிற இடத்திலும், தண்ணீர் இறங்காத கெட்டிக் கரிசலிலும் இது ஒத்து வருமா என்று பொறியாளரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சாதி ஒழிப்பைப் பேசுகிறவன் வீட்டு வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டிய இடம் கொல்லைப்புறம்.

மூன்றாவது சமையலறையும் பெண்களும். நாள் முழுக்கக் கூலிக்குப் போய் வந்து இரவில் சமைக்கிற அம்மாவை ஐந்தடிக்கு ஐந்தடி இருட்டறையில் நிறுத்தாதீர்கள். எதிரெதிரே இரண்டு சன்னல், புகை போக வழி, இடுப்பளவு மேடை. மாட்டுக்கறி வேகிற வாசனையை மறைக்கக் கதவைச் சாத்திச் சமைத்த காலம் நம் தலைமுறையோடு முடியட்டும். வயது வந்த பெண்பிள்ளை உடை மாற்ற, உட்கார்ந்து அழ, சிரிக்க, தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஒரு கதவு வேண்டும். அரசு வீட்டுத் திட்ட ஒதுக்கீடே பெண் பெயரில், அல்லது கணவன் மனைவி இருவர் பெயரிலும்தான் என்கிறது விதி. சொந்தக் காசில் கட்டுகிற வீட்டையும் அப்படியே பதியுங்கள்.

நான்காவது திண்ணை. எந்தத் திண்ணையில் நம் தாத்தாக்கள் ஏறக்கூடாது என்றார்களோ, அதே திண்ணையை நம் வாசலில் போடுவோம். யார் வந்தாலும் சாதி கேட்காமல் உட்காரட்டும்.

ஐந்தாவது, நாளைக்கு மேலே ஒரு மாடி எடுக்கும்படி கடைக்காலும் படிக்கட்டுக்கான இடமும். இன்றைக்குப் பணம் இல்லாமல் போகலாம். தம்பிக்கு வேலை கிடைக்கும்.

"இவ்வளவு பார்த்துக் கட்டி என்ன பயன், ஒரே நாளில் அடித்து நொறுக்கிவிடுவார்களே?" என்று ஒரு பெரியவர் எங்களிடம் கேட்டார். அவர் பயம் பொய் இல்லை. 1995 ஆகஸ்ட் 31இல் கொடியன்குளத்தில் காவல் துறையே வீடு புகுந்து நொறுக்கியது. 2012 நவம்பர் 7இல் தர்மபுரி நத்தம் காலனியில் கொளுத்தினார்கள். 2019 ஏப்ரல் 18, ஓட்டுப் போடுகிற நாளில், நம் அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் வீடுகளின் ஓட்டையும் கதவையும் வண்டிகளையும் உடைத்தார்கள். நன்றாகக் கவனியுங்கள். வெளிநாட்டுக்கும் வெளியூருக்கும் போய்ச் சம்பாதித்து வாங்கிய டிவியும் பீரோவும்தான் கொடியன்குளத்திலும் நத்தத்திலும் கண்ணை உறுத்தின. நாம் குனிந்து நுழைகிற வீட்டில் இருக்கும்வரை அவர்களுக்குக் கோபம் வருவதில்லை. நிமிர்ந்து நுழைகிற வாசல் வைத்தால் வருகிறது. அதற்காக வாசலைக் குறைப்பதா? வாசலை உயர்த்திக் கட்டுவோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி இழப்பீடும் தண்டனையும் கேட்டுத் தெருவிலும் நீதிமன்றத்திலும் நிற்போம்.

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் பலகையில் பெயர் மாறினால் போதாது. ஊர் வேறு சேரி வேறு என்கிற வரைபடம் அப்படியே இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக நாம் இருக்கிறோம். இருந்தும் புது மனைப் பட்டா என்றால் ஏரிக்கரைப் பள்ளத்தையோ சுடுகாட்டுப் பாதையையோதான் காட்டுகிறார்கள். கௌடில்யன் காட்டிய இடத்தைத் தாசில்தாரும் காட்டினால் அதை வாங்கிக்கொண்டு வரக் கூடாது.

மாணவத் தோழர்களே, உங்களிடம் நாங்கள் கேட்பது இதுதான். சிவில் படிக்கிறவர்கள் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது அளவு நாடாவோடு வாருங்கள். வீடு கட்டப்போகிற குடும்பத்தில் பெண்களை உட்காரவைத்துக் கேட்டு, இலவசமாக வரைபடம் போட்டுக் கொடுங்கள். மற்றவர்கள் அடுத்த கிராம சபைக்குப் போங்கள். யாருக்கு வீடு, எந்தச் சர்வே எண்ணில் மனை, எத்தனை தவணை வந்தது என்று கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.

வேப்பந்தட்டைத் தோழர் நேற்று மறுபடி ஒரு படம் அனுப்பியிருக்கிறார். தெற்குச் சன்னல் திரும்ப வந்திருக்கிறது. அம்மாவின் சாமிக்குக் கூடத்தில் ஒரு மாடம். பூஜை அறை இருந்த இடத்தில் தங்கையின் மேசை. வாஸ்துக்காரருக்குப் பேசிய மீதிப் பணத்தை அவர் கொடுக்கவில்லையாம். கம்பி வாங்கிவிட்டாராம்.