கணிதப் பெண்கள் எந்த இடத்தில் நிறுத்தப்படுகிறார்கள்?

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் என்றதும் வானியல் தெரிந்தவர்கள் ஜான் எவர்ஷெட்டைச் சொல்வார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-ல் இங்கிருந்துதான் அவர் கண்டறிந்தார். 1907-ல் அவருடன் இந்த மலைக்கு வந்த மனைவி மேரியை எத்தனை பேருக்குத் தெரியும்? சூரிய விளிம்பில் எழும் தீச்சுடர்கள் எந்த அட்சரேகையில், எந்தக் காலத்தில் மிகுகின்றன என்று பல்லாண்டுப் பதிவுகளை எண்ணித் தொகுத்து ஆய்வகம் 1917-ல் ஓர் ஆய்வேடு வெளியிட்டது. அதன் ஆசிரியர்கள் இருவருமே. 1913-லேயே மேரி தனிப்பெயரிலும் ஆய்வுக் கட்டுரை எழுதியிருந்தார். ஆனால், லண்டன் ராயல் வானியல் கழகம் பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியதே 1916-ல்தான். மேரி உறுப்பினரானது 1924-ல், கொடைக்கானலைவிட்டுப் போன மறு ஆண்டு.

கணக்குப் போடப் பெண்களை அனுமதித்த உலகம், ஆய்வாளர் என்ற இடத்தைத் தரத் தயங்கியது. அந்தத் தயக்கம் இன்று வேறு உருவத்தில் இருக்கிறது. தமிழகக் கல்லூரிகளின் கணித வகுப்புகளில் பெண்களுக்குப் பஞ்சமில்லை. முதுகலை முடித்ததும் பி.எட்., வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி வேலை, திருமணம் என்று பாதை திரும்பிவிடுகிறது. ஆசிரியப் பணி உயர்ந்ததுதான். ஆனால், அது ஒன்றே வழி என்றாகும்போது அதைத் தேர்வு என்று எப்படிச் சொல்வது?

மயிலாடுதுறையில் பிறந்த ஆர்.பரிமளா, இருபடி வடிவங்கள் குறித்த ஆய்வுகளால் உலகப் புகழ் பெற்றவர். 1987-ல் பட்நாகர் விருது; 2010-ல் ஹைதராபாத் உலகக் கணித மாநாட்டில் முதன்மை உரை. அவர் மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தில் தொடர்வதற்காக, தான்சானியாவில் பார்த்துவந்த வேலையைக் கணவர் விட்டுவந்தார். சுஜாதா ராமதுரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியில் முதுகலை முடித்தவர். 2006-ல் ராமானுஜன் பரிசு பெற்ற முதல் இந்தியர். கணிதத்துக்கான பட்நாகர் விருதை இந்த இருவரைத் தவிர, 2019-ல் நீனா குப்தா பெற்றார். 1959 முதல் வழங்கப்பட்ட அந்த விருதில் பெண்கள் இந்த மூவர்தான். விட்டுக்கொடுக்கும் கணவர் வாய்ப்பதை நம்பி ஒரு நாட்டின் கணிதம் இருக்க முடியாது.

புதுமைப் பெண் திட்டத்தில் அரசு தரும் மாதம் 1,000 ரூபாய் பல குடும்பங்களில் மகளின் படிப்பைக் காப்பாற்றியிருக்கிறது. அந்த உதவி இளநிலைப் பட்டத்தோடு நின்றுவிடுகிறது. ஆராய்ச்சி தொடங்குவதோ அதற்கும் பிறகு.

1984-ல் அரசு உருவாக்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இதே கொடைக்கானலில், அட்டுவம்பட்டியில் இருக்கிறது. அங்கே கணிதத் துறை உண்டு. மலையின் இன்னொரு பக்கத்தில், சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் கணினியில் ஏற்றப்பட்டு, ஆராய்வோருக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. காலத்தொடர் பகுப்பாய்வுக்கும் புள்ளியியலுக்கும் இதைவிடச் செழிப்பான தரவு தமிழ்நாட்டில் வேறு எங்கே கிடைக்கும்? படிப்பு முடிந்து ஐந்தாறு ஆண்டுகள் வீட்டில் இருந்துவிட்ட பெண்களையும் சேர்த்துக்கொண்டு, இரு நிறுவனங்களும் கூட்டாக ஒரு முனைவர் பட்டத் திட்டம் நடத்தலாம். அதற்கு வயது வரம்பைத் தளர்த்த வேண்டும். குடும்பம் நடத்தப் போதுமான உதவித்தொகையை ஆய்வு முடியும்வரை தர வேண்டும். குழந்தையோடு தங்க விடுதியில் அறை வேண்டும்.