மணலில் புதைத்த மூங்கில்



இசைக்கருவி செய்பவர்களுக்கான இதழ் இது. தவிலும் வீணையும் உள்ளே பக்கம் பக்கமாக இருக்கின்றன. என் பங்குக்குக் கடல் கடந்த ஒரு கருவியைப் பற்றிச் சொல்கிறேன்.

பிலிப்பைன்ஸில், மணிலாவுக்குத் தெற்கே உள்ளது லாஸ் பின்யாஸ். ஒரு காலத்தில் உப்புக்குப் பெயர்போன ஊர். அங்கே பங்குத்தந்தையாக இருந்த ஸ்பானியத் துறவி தியேகோ செரா, புனித சூசையப்பர் ஆலயத்துக்கு ஒரு பைப் ஆர்கன் செய்ய முனைந்தார். ஐரோப்பாவில் ஈயமும் வெள்ளீயமும் கலந்து தகடாக வார்த்து, சுருட்டிக் குழாய் செய்வார்கள். செரா மூங்கிலைக் கையில் எடுத்தார்.

மூங்கிலின் குணம் நமக்குத் தெரியாததா? பக்குவப்படுத்தாமல் விட்டால் உளுத்து மாவாகக் கொட்டும். 1816இல் அவர் வெட்டிய மூங்கிலையெல்லாம் கடற்கரை மணலில் புதைத்து மாதக்கணக்கில் விட்டுவைத்தார். வண்டுக்குத் தப்பித் தேறியதைத்தான் அறுத்துக் குழாயாக்கினார். அதிலும் நீளக்கணக்கு உண்டு. குழாய் நீண்டால் சுருதி இறங்கும். பாதியாக்கினால் ஒரு ஸ்தாயி ஏறும். திமிரி நாயனத்தையும் பாரி நாயனத்தையும் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1821இல் ஆர்கன் வாசிக்கும் நிலைக்கு வந்துவிட்டது. எக்காளக் குழாய்கள் மட்டும் பாக்கி. ஸ்பானிய ஆர்கன்களில் அவை முகப்பிலிருந்து படுக்கைவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கணீர் ஒலி மூங்கிலில் வரவில்லை. உலோகத்தில் செய்து 1824இல் வேலையை முடித்தார். மொத்தம் 1,031 குழாய்கள்: மூங்கில் 902, உலோகம் 129. எல்லோரும் வியப்பது அந்த 902ஐ. எனக்கோ இந்த 129 மேல்தான் மதிப்பு. முழுக்க மூங்கில் என்று பேர் வாங்கியிருக்கலாம். மனிதரின் காது ஒப்பவில்லை.

பிறகு நிலநடுக்கமும் புயலும் கருவியைப் பாடாய்ப்படுத்தின. 1973இல் அதைக் கழற்றி ஜெர்மனியின் பான் நகரிலுள்ள கிளைஸ் பட்டறைக்கு அனுப்பினார்கள். குளிர்நாட்டு வறண்ட காற்றில் மூங்கில் வெடித்துவிடக் கூடாதே! மணிலாவின் வெப்பமும் ஈரமும் உள்ள அறையையே அங்கே உண்டாக்கி வேலை பார்த்தார்கள். 1975இல் ஊர் திரும்பிய ஆர்கன் இன்றும் பூசையில் ஒலிக்கிறது. ஆண்டுதோறும் அதற்கென்று இசைவிழாவும் நடக்கிறது.

உங்கள் ஊர்த் தேவாலயத்தில் மிதித்து வாசிக்கும் பழைய ஆர்கன் இருக்கிறதா? அதைப் பழுதுபார்ப்பவர் யாரென்று ஒரு அஞ்சலட்டை போடுங்கள். அவரைப் பார்க்க எங்கள் நிருபர் வருவார்.

அன்புடன்,
ஆசிரியர்