வாங்குவோர் விருப்பும் படைக்கலத்தின் வடிவும்

நம் மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகளை அறிந்தோர்க்குச் சந்தையின் வலிமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பிறநாட்டார் பையிலிட்ட தேயிலையை விரும்பினர். விரைவிற் சாயம் இறங்கும் நுண்துகளே அதற்கு ஏற்றதாயிற்று. இவ்வாறு வாங்குவோர் விருப்பம் பொருளின் உருவை வகுத்தல் இயல்பே. எனினும், மனிதன் விரும்புவதும் அவனுக்கு உதவுவதும் எப்பொழுதும் ஒன்றாவதில்லை. ரிவால்வர் எனப்படும் சுழல் துப்பாக்கியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிமித் அண்ட் வெசன் நிறுவனம் ‘மாக்னம்’ என்னும் வலிய தோட்டாவுக்குரிய ரிவால்வரை வெளியிட்டது. மோட்டார் வண்டிகளிற் தப்பியோடிய கொள்ளையரை எதிர்த்த காவலர்க்கு, வண்டியின் தகட்டைத் துளைக்கும் சன்னம் வேண்டியிருந்தது. 1955இல் வேட்டையாடுவோர் வேண்டுகோளால் அதனினும் வலிய .44 மாக்னம் தோன்றிற்று. இரண்டும் தேவையிற் பிறந்தவை. ஆதலின் விசையைத் தாங்குங் கனத்துடன் அமைந்தன. ஆனால், 1971இல் ‘டேர்ட்டி ஹாரி’ என்னும் திரைப்படத்தின் கதாநாயகன் அதனை ஏந்தவே, வேட்டையை அறியாதோரும் அதனை நாடினர்.

பின்னர், சட்டைப்பையில் அடங்கும் மாக்னத்தைப் பலர் விரும்பினர். 400 கிராமினுங் குறைந்த நிறையுள்ளவையும் வந்தன. துப்பாக்கியின் கனம் குறையுந்தோறும் அது கையைப் பின்னுதைக்கும் வேகம் மிகும் என்பது இயற்கை விதி. ஆகவே வாங்கியோருட் பலர் அதில் வலிமை குறைந்த .38 தோட்டாவையே இட்டுப் பழகுகின்றனர். கடையிற் கையிலெடுத்துப் பார்க்குங் கணத்துக்கே அப்படைக்கலம் பொருந்தியது எனலாம்.

நம் அயல்நாட்டு நிகழ்ச்சியொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. 2012ஆம் ஆண்டு டில்லியில் ஓர் இளம்பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையால் இந்தியா கலங்கியது. 2014இல் கான்பூர் அரசாங்கத் தொழிற்சாலை, மகளிர்க்கென ‘நிர்பீக்’ என்னும் .32 ரிவால்வரை விற்பனைக்கு விடுத்தது. அது மாக்னம் அன்று. நிறை ஏறத்தாழ 500 கிராம். விலையோ 1,20,000 இந்திய ரூபாவுக்கு மேல்! இரவிற் பேருந்துக்குக் காத்துநிற்கும் ஏழைப் பெண் வேண்டுவது விளக்கெரியும் வீதியும் கடமை தவறாத காவலுமே. அவற்றைச் சந்தை செய்து விற்பதில்லை. காசில்லாதவள் குரல் அதன் செவிக்கு எட்டுவதுமில்லை.

பொறியியலும் வணிகமும் பயிலும் நம் கல்லூரி இளைஞரே, ‘எது விலைபோகும்?’ என்று வினவுமுன், ‘எது பயன்படும்?’ என்று வினவுங்கள். வாங்குவோராகிய நாமும் அவ்வினாவை நம்மை நோக்கி எழுப்புதல் வேண்டும். சந்தை என்பது பிறரெவருமல்லர், நாமே.