காலி மனைகளை ஏலம் விடாதீர்கள்: ராக்ஸ்பரி நிலம் குறித்து எங்கள் நிலைப்பாடு

பாஸ்டன் நகரின் ராக்ஸ்பரி, டார்செஸ்டர் வட்டாரங்களில் மாநகராட்சி வசம் எஞ்சியிருக்கும் காலி மனைகளை அதிக விலை கேட்பவருக்கு விற்கக் கூடாது. அவை சமூக நில அறக்கட்டளையின் பெயரில் இருக்க வேண்டும். அந்த அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவில் அக்கம்பக்கத்துத் தெருக்களில் குடியிருப்போரே பெரும்பான்மையாக இருக்க வேண்டும். அறக்கட்டளையை ஏற்றுக்கொண்டு குடியிருப்போர் பெரும்பான்மையை 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிவைக்கும் எந்தத் திட்டத்தையும் நாங்கள் ஆதரிக்க மாட்டோம்.

இந்த மனைகள் தாமாகக் காலியாகிவிடவில்லை. 1930களில் கூட்டரசின் வீட்டுக்கடன் நிறுவனம் வரைந்த வரைபடங்களில் ராக்ஸ்பரியின் பெரும்பகுதிக்குச் சிவப்பு வண்ணம் பூசப்பட்டது. அத்தகைய இடங்களில் வங்கிகள் அடமானக் கடன் தரத் தயங்கின. 1968இல் பாஸ்டன் சேமிப்பு வங்கிகள் ஒன்றுகூடி, கறுப்பினக் குடும்பங்களுக்குக் கடன் தருவதாக அறிவித்தன. ஆனால் தாங்களே கிழித்த ஒரு கோட்டுக்குள் வீடு வாங்கினால் மட்டும். கோட்டுக்குள் இருந்த யூதக் குடும்பங்களைத் தரகர்கள் பயமுறுத்தி அடிமாட்டு விலைக்கு வீடுகளை வாங்கி, கறுப்பினக் குடும்பங்களின் தலையில் கொள்ளை விலைக்குக் கட்டினார்கள். தவணை கட்ட முடியாமல் பலர் வீட்டை இழந்தார்கள். காப்பீட்டுப் பணத்துக்காக உரிமையாளர்களே தீ வைத்த வீடுகளும் உண்டு. எரிந்த வீடு இடிக்கப்பட்டால் மனை, மனை காலியாகக் கிடந்தால் குப்பைமேடு. வெளியூர் லாரிகள் இடிபாடுகளையும் அழுகிய இறைச்சியையும் கொண்டுவந்து டட்லி தெருப் பக்கம் கொட்டிவிட்டுப் போன காலம் அது.

அந்த டட்லி தெருவில்தான் எங்கள் கோரிக்கைக்கு முன்னுதாரணம் இருக்கிறது. 1980களின் நடுவில், ஒரு கொடை அறக்கட்டளையின் துணையோடு வட்டாரத்துக்கான திட்டம் ஒன்று பொதுக்கூட்டத்தில் முன்வைக்கப்பட்டது. மேடையில் இருந்தவர்களில் எத்தனை பேர் இங்கே குடியிருக்கிறார்கள் என்று கூட்டத்திலிருந்து கேள்வி வந்தது. அதற்கு மேடையால் நல்ல பதில் சொல்ல முடியவில்லை. நிர்வாகக் குழுவின் அமைப்பே மாற்றி எழுதப்பட்டது: குடியிருப்போருக்குப் பெரும்பான்மை, கறுப்பினத்தவர், கேப் வெர்டியர், லத்தீனோக்கள், வெள்ளையர் ஆகிய நான்கு பிரிவினருக்கும், தலைக்கணக்கு எதுவானாலும், சம இடங்கள். டட்லி தெரு வட்டார முன்முயற்சி என்ற அந்த அமைப்புக்கு 1988இல் நிலம் கையகப்படுத்தும் அதிகாரமே கிடைத்தது. பொதுவாக அரசுத் துறைகள் வைத்திருக்கும் அதிகாரம் அது. இனச் சமநீதி என்று எல்லோரும் அறிக்கை விடுகிறார்கள். நிலத்தின் மீது ஓட்டுப் போடும் உரிமை யாருக்கு என்று வரும்போதுதான் அறிக்கைகள் மெலிந்துபோகின்றன.

நில அறக்கட்டளையின் ஏற்பாடு இது: மனை அறக்கட்டளைக்குச் சொந்தம், அதன் மேலுள்ள வீடு குடும்பத்துக்குச் சொந்தம். மனைக்கு நீண்டகாலக் குத்தகை, பெரும்பாலும் 99 ஆண்டு. வீட்டை விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம். ஆனால் மறுவிற்பனை விலைக்கு உச்சவரம்பு உண்டு.

இந்த உச்சவரம்பைத்தான் எங்கள் உறுப்பினர்களிலேயே பலர் எதிர்க்கிறார்கள். அதைத் தட்டிக்கழிக்க முடியாது. பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் 2015ஆம் ஆண்டு ஆய்வின்படி, பெருநகரப் பகுதியில் வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலை நிகரச் சொத்து 2,47,500 டாலர். புலம்பெயர்ந்து வராத, இந்நாட்டுக் கறுப்பினக் குடும்பத்துக்கு 8 டாலர். கடன்களைக் கழித்தபின் மிஞ்சுவது ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. வெள்ளையர்கள் புறநகரில் வீடு வாங்கி, விலை ஏற ஏறச் சொத்து சேர்த்தபோது இல்லாத உச்சவரம்பு எங்களுக்கு மட்டும் எதற்கு என்று ஒரு மூதாட்டி கேட்டால், கேள்வி நியாயமானது.

ஆனாலும் நாங்கள் அறக்கட்டளையின் பக்கம் நிற்கிறோம். 2000களில் ஏமாற்று அடமானக் கடன்கள் இதே தெருக்களைக் குறிவைத்து வந்தன. வீடுகள் வரிசையாக ஜப்தியாயின. டட்லி தெரு அமைப்பின் நில அறக்கட்டளை வீடுகளில் அந்த நிலை அநேகமாக வரவில்லை. தவிர, சந்தை விலைக்கு விடப்படும் மனையை வாங்கப்போவது அந்த மூதாட்டியின் பேத்தி அல்ல. உச்சவரம்பு பொது நிலத்துக்கு மட்டுமே இருக்கட்டும். தனியார் வீடு வாங்க விரும்பும் குடும்பங்களுக்கு முன்பணத்துக்கான மாநகராட்சி உதவி தனியாகத் தொடர வேண்டும், கூடவும் வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றை வெட்டுவதை ஏற்க மாட்டோம்.

நடைமுறையில் நாங்கள் கேட்பவை: மனைகளின் முழுப் பட்டியலும் தெரு வாரியாக வெளியிடப்பட வேண்டும். கூட்டங்கள் மாலை ஆறு மணிக்குப் பிறகு நடக்க வேண்டும். பகல் பதினொரு மணிக்கு நகர மன்றத்தில் வைத்துவிட்டு மக்கள் வரவில்லை என்று எழுதக் கூடாது. ஸ்பானிஷ், கேப் வெர்டியக் கிரியோல், ஹைத்தியக் கிரியோல் மொழிபெயர்ப்பாளர்களும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆட்களும் வேண்டும். குடியிருப்போருக்கான இடங்கள் நிரம்பும்வரை ஒரு மனையும் கைமாறக் கூடாது. அதற்கு முன் வரும் எந்த விற்பனைத் தீர்மானத்தையும் பொது விசாரணையில் எதிர்ப்போம்.