எண்ணெய் மாற்றியபின் லிப்ட் தூக்காவிட்டால்...

சேற்றுழவு தொடங்கும் முன் டிராக்டரின் கியர் பாக்ஸ் எண்ணெயைத் தாமே மாற்றிவிடும் விவசாயிகள் பலர் இருக்கிறார்கள். இது வரவேற்கத்தக்கதே. ஆனால் மாற்றிய மறுநாள் கலப்பை மேலே எழவில்லை என்றாலோ, பின்பக்கம் இரைச்சல் கேட்டாலோ அவர்கள் கலங்கிப் போகிறார்கள். மெக்கானிக்கை அழைத்து வந்தால், பம்பைக் கழற்றிப் பார்க்கவேண்டும் என்கிறார். மேட்டூரில் தண்ணீர் திறந்து, வாய்க்காலில் முறை வந்து, ஊரே உழவில் இருக்கும்போது வண்டி மட்டும் பிரித்துப் போட்ட நிலையில் கொட்டகையில் நிற்கிறது. பழைய டிராக்டர் ஒன்றைக் கடனில் வாங்கி, சொந்த நிலம் போக மற்ற நேரத்தில் வாடகைக்கு ஓட்டித் தவணை கட்டுகிற சிறு விவசாயிக்கு அந்த ஒரு வாரம் போனால் போனதுதான்.

நேற்றுவரை ஒழுங்காகத் தூக்கிக்கொண்டிருந்த பம்பு எண்ணெய் மாற்றிய ஒரே இரவில் தேய்ந்துவிடாது. கோளாறு பெரும்பாலும் மாற்றிய வேலையில்தான் இருக்கும். அப்படியானால் அதைக் கண்டுபிடிக்கத் தகுந்தவர் அந்த வேலையைச் செய்தவரே. பம்பைத் திறப்பது கடைசியாகச் செய்யவேண்டிய காரியம். அதை முதலில் செய்யும் வழக்கத்தால் கெடாத பம்பும் கெடுகிறது.

நம் நாட்டில் ஓடும் பெரும்பாலான டிராக்டர்களில் கியர் பாக்ஸ், டிபரன்ஷியல், ஹைட்ராலிக் லிப்ட் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய்தான். எண்ணெயில் முழுகிய பிரேக் உள்ள வண்டிகளில் பிரேக் தட்டுகளும் அதிலேயே இருக்கின்றன. பற்சக்கரங்களுக்கு வழுக்கும் பொருளாகவும், கலப்பையைத் தூக்கும் சக்தியைக் கொண்டுபோவதாகவும் அந்த எண்ணெய் இரட்டை வேலை பார்க்கிறது. கியர் பொறுத்துக்கொள்ளும் குறையைப் பம்பு பொறுத்துக்கொள்ளாது. எண்ணெயில் நேர்ந்த தவறு முதலில் லிப்டில் தெரிவதற்கு இதுவே காரணம்.

முதலில் பார்க்கவேண்டியது அளவு. அடிப்பாகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வடிகால் போல்ட்டுகள் இருக்கும். எல்லாவற்றையும் கழற்றி வடித்துவிட்டு, ஒரே வாய் வழியாகப் புது எண்ணெயை ஊற்றுகிறோம். அது ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குச் சிறு துளைகள் வழியாக மெதுவாகத்தான் போகும். ஊற்றியவுடன் அளவுக் குச்சியைப் பார்த்து ‘நிறைந்துவிட்டது’ என்று மூடியைத் திருகிவிட்டால், காலையில் பார்க்கும்போது பல லிட்டர் குறைந்திருக்கும். மாடலைப் பொறுத்து 30 லிட்டருக்கு மேல் பிடிக்கும் வண்டிகளும் உண்டு, 50 லிட்டர் அளவுக்குப் பிடிக்கும் வண்டிகளும் உண்டு. பக்கத்து வீட்டு வண்டியின் கணக்கு இதற்கு உதவாது. வடித்த எண்ணெயை டின்னில் அளந்து எழுதி வைப்பது மிக எளிய காரியம். அதைச் செய்பவர்தான் குறைவு.

குச்சியைப் பார்ப்பதிலும் முறை உண்டு. மட்டமான தரையில் வண்டியை நிறுத்தி, லிப்ட் கைகளைக் கீழே இறக்கி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்தே பார்க்கவேண்டும். கலப்பையைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தால் சிலிண்டருக்குள் ஏறிய எண்ணெய் கணக்கில் வராது. டிப்பர் டிரெய்லரை மாட்டுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். டிரெய்லர் ஜாக்கி மேலே எழும்போது கணிசமான எண்ணெயை வாங்கிக்கொள்ளும். குறை அளவில் ஓடும் வண்டி அந்த நேரத்தில்தான் காற்றை உறிஞ்சும். பல வண்டிகளுக்கு மாறி மாறி மாட்டப்படும் டிரெய்லர், ஒருவர் வீட்டு அழுக்கையும் தண்ணீரையும் இன்னொருவர் கியர் பாக்ஸுக்குக் கொண்டுபோகிறது என்பதும் கவனத்துக்குரியது.

அளவு சரியாக இருந்தும் தூக்கவில்லை என்றால் அடுத்தது காற்று. பம்பு எஞ்சின் பக்கத்தில் இருந்து, பின்பக்க எண்ணெயைக் குழாய் வழியாக உறிஞ்சும் வண்டிகளில் இது சகஜம். வடிகட்டியைக் கழுவித் திரும்ப மாட்டும்போது ரப்பர் வளையம் மடங்கியிருக்கலாம், பழைய வளையத்தையே போட்டிருக்கலாம், கிளிப்பை முழுதும் முடுக்காமல் விட்டிருக்கலாம். உறிஞ்சும் பக்கம் ஆகையால் எண்ணெய் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே போகும். எண்ணெய் நுரைக்கும், பம்பு ஊளையிடும், லிப்ட் நடுங்கி நடுங்கி எழும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது சந்தேகப்படும் இணைப்பைச் சுற்றிக் கெட்டியான கிரீஸை அப்பினால், சத்தம் மாறும் இடத்தில் ஓட்டை இருக்கிறது. வேட்டித் தலைப்பும் துண்டும் விசிறியருகே போகாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

புது எண்ணெய் ஊற்றியவுடன் ஆக்ஸிலேட்டரை மிதித்துத் தூக்கிப் பார்ப்பது கெட்ட பழக்கம். சுமையில்லாமல், மெதுவான ஓட்டத்தில், லிவரைப் பலமுறை மேலும் கீழும் நகர்த்திக் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றவேண்டும். சில நிமிடத்தில் எழவில்லையானால் எஞ்சினை நிறுத்திவிடவேண்டும். பம்புக்கு அந்த எண்ணெயே மசகு. வறண்டு சுற்றினால்தான் அது உண்மையாகவே தேயும். சில மாடல்களில் பி.டி.ஓ. லிவர் நடுநிலையில் இருந்தால் பம்பே சுற்றாது. வேலை செய்யும்போது அந்த லிவரில் கை பட்டிருக்கலாம். பம்பைப் பிரிக்க ஆள் வந்த பிறகு இது தெரிந்து, வந்தவருக்குக் கூலி கொடுத்து அனுப்பிய வீடுகளும் உண்டு.

எண்ணெயின் ரகம் தவறியிருந்தால் அடையாளம் வேறு. மலிவாகக் கிடைக்கிறது என்று 90 நம்பர் கியர் ஆயிலை எல்லா வண்டிக்கும் ஊற்றுகிறார்கள். டிராக்டருக்கென்று யு.டி.டி.ஓ. என்ற வகை எண்ணெய் கேட்கும் வண்டியில் அது பொருந்தாது. அதிகக் கெட்டியான எண்ணெயால் காலைக் குளிரில் லிப்ட் சோம்பும், வெயில் ஏறினால் சரியாகும். எண்ணெயில் முழுகிய பிரேக் அழுத்தும்போது கடகடவென்று அதிரும். இவ்விரண்டும் தெரிந்தால் போல்ட்டை முடுக்கிப் பயனில்லை, எண்ணெயைத்தான் மாற்றவேண்டும். செலவு இரட்டிப்பாகும், வருத்தம்தான். ஆனால் பிரேக் தட்டும் பம்பும் போனால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது சிறிதே.

பழைய எண்ணெய் மோர்போல வெளுத்து வந்திருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. நெல் வயலில் ஓடும் வண்டிக்கு இது பொது வியாதி. அச்சு முனை சீல் தேய்ந்திருக்கலாம். ப்ரீதர் எனப்படும் மூச்சுத் துளை சேற்றால் அடைத்திருக்கலாம். சாலையில் ஓடிச் சூடான வண்டி நேரே சேற்றில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. மூச்சுத் துளை அடைத்திருந்தால் அது சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். மூல காரணத்தைப் பார்க்காமல் எண்ணெயை மட்டும் மாற்றினால் இரண்டாவது வயலிலேயே மீண்டும் மோர்தான். சந்தேகமிருந்தால் சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். தண்ணீர் இருந்தால் சடசடவென்று பொரியும். இதற்கு வீட்டுத் தோசைக்கல்லை எடுத்தால் வேறு சண்டை வரும், பழைய தகடு போதும்.

எஞ்சினை அணைத்ததும் தூக்கிய கலப்பை தானே இறங்கிவிடுகிறது என்றால் அது எண்ணெய் மாற்றியதால் வந்த குறை அல்ல. சிலிண்டர் சீலோ வால்வோ கசிகிறது. வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருப்பது இயல்பு. பல் உடைந்த துண்டு கிடைத்தால் வண்டியை ஓட்டக்கூடாது. இவை மெக்கானிக்கின் வேலைகள், அவரைக் கூப்பிடத் தயங்கவேண்டாம். எந்தச் சோதனையானாலும் தூக்கிய கலப்பைக்கு அடியில் தலையை நீட்டக்கூடாது.

இத்தனைக்கும் விடை உள்ள கையேடு, வண்டி இரண்டாம் கைக்கு வரும்போது முதல் சொந்தக்காரரின் பரணிலேயே தங்கிவிடுகிறது. எண்ணெயின் ரகமும் லிட்டர் கணக்கும் தமிழில் எழுதிய ஒரு சிறு தகட்டை மட்கார்டில் ஆணியடித்து அனுப்புவது டிராக்டர் செய்பவர்களுக்குப் பெரிய செலவு அல்ல. அதை விவசாயிகள் கேட்டுப் பெறவேண்டும். அதுவரை, வண்டி வாங்கும்போதே கையேட்டையும் கேட்டு வாங்கிக்கொள்வது உசிதம்.

புது எண்ணெயில் சுமார் பத்து மணி நேரம் ஓடிய பிறகு வடிகால் போல்ட்டுகளை ஒருமுறை முடுக்கி, குச்சியில் அளவை மறுபடி பார்க்கவேண்டும். பழைய எண்ணெயை வாய்க்காலில் கொட்டாமல், மூடியுள்ள டின்னில் சேர்த்து, அதை வாங்குகிறவர்களிடம் கொடுத்துவிடலாம்.